ஒருவர் லீவு போட்டாலும் லைன் நிற்காமல் இருக்க

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளில் தையல் லைன் பார்க்கும் சூப்பர்வைசர்களுக்கு இது. ஸ்கைவிங் (தோலின் விளிம்பை மெல்லிசாகச் சீவுவது) தெரிந்த ஒரே ஆள் ஆடிக் கிருத்திகைக்கு லீவு போட்டால், மடிப்பும் தையலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஒரு சார்ட் தாளில் இடப்பக்கம் பெயர்கள், மேலே வேலைகள் எழுதுங்கள். பக்கத்தில் ஆள் நின்றால் செய்பவருக்கு 1, தனியாகச் செய்பவருக்கு 2, கற்றுத் தரக்கூடியவருக்கு 3. தெரியாதவருக்குக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். எல்லார் கண்ணிலும் படும் தாளில் சைபர் போட்டால் மனசு நோகும். ஞாபகத்தை வைத்துப் போடாமல், அவர் முடித்த 10 ஜோடி அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தைப் பார்த்தே மதிப்பெண் போடுங்கள். எந்த வேலைக்கு 2, 3 வாங்கியவர்கள் இரண்டு பேர்கூட இல்லையோ, பயிற்சியை அங்கே தொடங்குங்கள்.

தினம் அரை மணி நேரம் போதும், அதுவும் கழிவுத் துண்டில்தான். விளிம்பை அதிகம் சீவினால் மடிக்கும்போது கிழியும். குறைவாகச் சீவினால் தையல் தடித்து நிற்கும். இரண்டையும் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான்: கற்றுத் தருபவரின் டார்கெட்டைக் குறைக்க மாட்டார்கள். இன்சென்டிவ் போய்விடுமென்றால் எந்த மூத்த ஆப்ரேட்டரும் வாயைத் திறக்க மாட்டார். அந்த அரை மணிக்கான பீஸ்களை அவர் டார்கெட்டிலிருந்து கழித்துவிடுங்கள். பல வேலை தெரிந்தவரையே தினமும் இடம் மாற்றி அலையவிடவும் கூடாது. மாதம் ஒருமுறை தாளைத் திருத்துங்கள்.