குரோமோசோமை எண்ணிப் பரிணாமத்தை அளக்காதீர்கள்

முதுகெலும்பிகளின் ஜீனோம் (ஓர் உயிரின் மொத்த டி.என்.ஏ.) பற்றிப் பேச்சு வந்தாலே பலர் எந்த விலங்குக்கு எத்தனை குரோமோசோம் என்ற கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள், கூடவே அதிகம் இருந்தால் உயர்ந்த விலங்கு என்ற எண்ணமும் வந்துவிடுகிறது. அதை முதலில் விடுங்கள். சீனக் கேளையாட்டுக்கு (இது ஒரு வகைச் சிறு மான்) 46 குரோமோசோம்கள். அதன் நெருங்கிய உறவான இந்தியக் கேளையாட்டிலோ பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7, அவ்வளவுதான். மரபணுக்கள் தொலைந்துபோகவில்லை, தனித்தனியாக இருந்த குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நமக்கு 46, சிம்பன்சிக்கு 48 என்பதும் இதே கதைதான்: நம்முடைய 2-ஆம் குரோமோசோமின் உள்ளே, வழக்கமாக நுனியில் மட்டும் இருக்க வேண்டிய டீலோமியர் வரிசை கிடக்கிறது, செயலிழந்த ஒரு சென்ட்ரோமியரின் (செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடம்) எச்சமும் இருக்கிறது, அதாவது இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிய தடயம்.

ஜீனோமின் அளவை வைத்து முடிவுக்கு வருவதும் அதே மாதிரித் தவறு. மனித ஜீனோம் சுமார் 310 கோடி கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்து ஜோடிகள்), ஆஸ்திரேலிய நுரையீரல் மீனுக்குச் சுமார் 4,300 கோடி, ஃபுகு மீனுக்கு வெறும் 40 கோடி. புரதம் செய்யும் மரபணுக்களின் எண்ணிக்கை இப்படி நூறு மடங்கு மாறுவதே இல்லை. நுரையீரல் மீனில் அளவைக் கூட்டியிருப்பது பெருகிக் கிடக்கும் தாவும் மரபணுக்கள், அதாவது ஜீனோமுக்குள் இடம் மாறிப் பெருகும் டி.என்.ஏ. துண்டுகள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் பறவைகளின் நுண்குரோமோசோம்கள். கோழியின் 78 குரோமோசோம்களில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. பெரிய குரோமோசோம்கள் உடைந்து விழுந்த துண்டுகள் என்று இவற்றை ஒதுக்கிவிடாதீர்கள், ஏனென்றால் இவற்றில் மரபணுக்கள் நெருக்கமாக இருக்கின்றன, அதோடு 2021-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் இவை ஆம்பியாக்சஸ் என்ற முதுகெலும்பில்லாத கடல் உயிரியின் குரோமோசோம்களோடு பொருந்துவது தெரிந்தது. அப்படியானால் பழைய அமைப்பைக் காப்பாற்றி வைத்திருப்பது கோழி, கலைத்துப் போட்டிருப்பது பாலூட்டிகளான நாம்! பாலூட்டியின் ஜீனோமை அளவுகோலாக வைத்து மற்றதையெல்லாம் 'விலகல்' என்று சொல்லும் பழக்கம் இதற்கப்புறம் செல்லாது.

அப்புறம், ஒரு மீன் மரபணுவுக்கு இணையாக மனிதனில் ஒரே ஒரு மரபணு இருக்கும் என்று நினைத்து ஒப்பிடாதீர்கள். முதுகெலும்பிகளின் தொடக்கக் காலத்தில் மொத்த ஜீனோமும் இரட்டித்தது என்ற கருத்தை மரபியலாளர் சுசுமு ஓனோ 1970-இல் முன்வைத்தார். ஆம்பியாக்சஸில் ஒன்றாக இருக்கும் ஹாக்ஸ் தொகுப்பு (உடலின் அமைப்பைத் தீர்மானிக்கும் மரபணுக்களின் கூட்டம்) நம்மிடம் நான்கு, இருமுறை இரட்டித்தால் வரும் கணக்கு. எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றின் மூதாதையில் இன்னொரு இரட்டிப்பும் நடந்தது, ஆனால் வரிக்குதிரை மீனில் எட்டு இல்லை, ஏழுதான். இரட்டித்ததெல்லாம் நிலைப்பதில்லை.

கடைசியாக ஒன்று. வரிசைப்படுத்திய ஜீனோமில் ஒரு மரபணு தென்படவில்லை என்றால் உடனே 'பரிணாமத்தில் இழந்துவிட்டது' என்று எழுதிவிடாதீர்கள். பறவைகளில் இல்லை என்று சொல்லப்பட்ட பல மரபணுக்கள், ஜி, சி காரங்கள் (டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் இரண்டு) மிகுந்து படிக்கச் சிரமமான பகுதிகளில் ஒளிந்திருந்தன. மனித ஜீனோமிலேயே விடுபட்டிருந்த சுமார் 8 சதவீதம் 2022-இல்தான் நிரப்பப்பட்டது. டி.என்.ஏ.வை நீண்ட துண்டுகளாகப் படிக்கும் நீள வாசிப்பு முறையில் எடுத்த தரவையும், எந்த மரபணு செயல்படுகிறது என்று காட்டும் ஆர்.என்.ஏ. தரவையும் பாருங்கள், நெருங்கிய இனங்களில் அதே இடத்தில் பக்கத்து மரபணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகும் காணவில்லை என்றால் இழப்பைப் பற்றிப் பேசலாம்.