உருளைக்கிழங்கு வேரா, தண்டா? சமையலறையிலேயே சோதித்துப் பார்க்கலாம்

மண்ணுக்குள் விளைவதெல்லாம் வேர் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. தாவரவியலில் கணக்கே வேறு. கணு இருக்கிறதா, கணுவில் செதில் இலை இருக்கிறதா, அதன் கக்கத்தில் (இலை தண்டோடு சேரும் மூலையில்) மொட்டு இருக்கிறதா? மூன்றும் இருந்தால், எவ்வளவு ஆழத்தில் கிடந்தாலும் அது தண்டுதான். கரும்பு நடுபவர்களுக்கு இது பழகிய சங்கதி. பரு, அதாவது மொட்டு, இல்லாத கரும்புத் துண்டை (கரணையை) யாரும் நட மாட்டார்கள்.

வேண்டியவை: உருளைக்கிழங்கு 4, சர்க்கரைவள்ளி 1, விரல் நீள இஞ்சி, பெரிய வெங்காயம் 1, கேரட் 1, ஈர மணல் நிரப்பிய தொட்டி, புண்ணுக்குப் போடும் பொவிடோன் அயோடின் மருந்து கொஞ்சம். லேசாக முளை எட்டிப் பார்க்கும் உருளையாகப் பொறுக்குங்கள். புதிதாகத் தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று மாதம் உறங்கும். கிடங்கிலிருந்து வருவதில் முளை தடுக்கும் மருந்து அடித்திருக்கவும் கூடும்.

படி 1: கண்ணைப் பாருங்கள்

உருளையைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கண் எனப்படும் ஒவ்வொரு குழிக்கும் ஓரத்தில் புருவம் போல ஒரு வளைகோடு தெரியும். அது செதில் இலை இருந்த தழும்பு. குழிக்குள் இருப்பவை மொட்டுகள். ஒரு முனையில் கொடி ஒட்டியிருந்த வடு இருக்கும். எதிர்முனையில் கண்கள் நெருக்கமாக இருந்தால் அதுதான் தண்டின் நுனி. வடுவிலிருந்து நுனி வரை கண்களைப் பேனாவால் இணைத்தால் கோடு திருகாணி மரை போலச் சுற்றிக்கொண்டு போகும், கிளையில் இலைகள் அமைவது போலவே.

இஞ்சியில் வளையம் வளையமாக இருப்பவை கணுக்கள். அதை மட்டநிலத் தண்டு என்பார்கள். சர்க்கரைவள்ளியில் வளையமும் இல்லை, புருவமும் இல்லை. அங்கங்கே சல்லி வேர் மட்டும். அது வேர். ஆனால் அதுவும் முளைக்கும்! வேரில் ஒழுங்கில்லாமல் தோன்றும் வேற்றிட மொட்டுகளின் வேலை அது. எனவே முளைப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

படி 2: வெட்டி நடுங்கள்

ஒரு உருளையில் கண்ணுள்ள துண்டு இரண்டு, கண்ணை முழுக்கச் செதுக்கி எடுத்த துண்டு இரண்டு வெட்டுங்கள். நிழலில் இரண்டு நாள் காயவிட்டால் வெட்டுவாயில் தக்கை போன்ற படலம் கட்டும். அவசரப்பட்டு அன்றே நட்டால் அழுகும் வாய்ப்பு அதிகம். பிறகு 5 செ.மீ. ஆழத்தில் கண் மேலே இருக்கும்படி புதையுங்கள். மணல் கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் கண்ணுள்ளவை தளிர் விடும், மற்றவை விடாது. நான்குமே கூழாகிப் போயிருந்தால் தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டீர்கள்.

இரண்டாவது உருளையை முழுதாகவும், மூன்றாவதை நுனிப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெட்டியும் இருட்டு அலமாரியில் வையுங்கள். முழுக் கிழங்கில் நுனி மொட்டு முந்தும். வெட்டியதில் பக்கவாட்டுக் கண்கள் விழிக்கும். இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். சாமந்தியின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிப்பதும் இதனால்தான்.

படி 3: வெயில் காட்டுங்கள்

நான்காவது உருளையைப் பத்து நாள் ஜன்னலோரம் வைத்தால் தோல் பச்சையாகும். பச்சையம் தீங்கில்லாதது, ஆனால் வெளிச்சம் பட்டால் கூடவே சோலனைன் என்ற நச்சும் கூடுகிறது. வேகவைத்தாலும் அது போகாது. இந்தக் கிழங்கு குழம்புக்கு வேண்டாம்.

படி 4: மாவுச்சத்துச் சோதனை

இரண்டு கரண்டி தண்ணீரில் ஐந்து சொட்டு அயோடின் கலந்து, புதிதாக நறுக்கிய துண்டின் வெட்டுப் பரப்பில் ஒரு துளி விடுங்கள். உருளை, இஞ்சி இரண்டும் கருநீலமாகும். வெங்காயம் பழுப்பாகவே நிற்கும். அது மாவுச்சத்தாக அல்லாமல் சர்க்கரை வகைகளாகச் சேமிக்கிறது. நெடுக்காகப் பிளந்து பாருங்கள்: அடியில் உள்ள தட்டு மட்டுமே தண்டு, உரிக்கும் அடுக்கெல்லாம் இலைகளின் அடிப்பகுதி.

கடைசியாகக் கேரட். தலைப்பகுதியை 2 செ.மீ. விட்டு நறுக்கி, அடி மட்டும் நனையும்படி தண்ணீரில் வையுங்கள். ஒரு வாரத்தில் இலை வரும், ஏனென்றால் அந்தத் தலையில் ஒரு துளி தண்டு ஒட்டியிருக்கிறது. புதுக் கேரட் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். வெட்டிப்போன வேர் மறுபடி பருக்காது.