லாபம் இல்லை, வரியும் இல்லை, ஆனால் அபராதம் 25,000 டாலர்

வெளிநாட்டில் உட்கார்ந்தபடியே டெலவேர், வயோமிங் மாதிரி ஒரு அமெரிக்க மாநிலத்தில் எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்பை வரம்புக்குள் வைக்கும் கம்பெனி வகை) தொடங்கிவிடலாம், அதில் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை. கஷ்டம் அடுத்த ஏப்ரலில் வருகிறது. "அமெரிக்காவில் எனக்கு வரி இல்லை, அதனால் தாக்கல் செய்ய ஒன்றுமில்லை" என்று பலரும் இருந்துவிடுகிறார்கள். வரி கட்டுவது வேறு, விவரம் கொடுப்பது வேறு. மற்ற தவறுகளில் பாதி இந்தக் குழப்பத்திலிருந்துதான் கிளம்புகிறது.

அமெரிக்கர் அல்லாத ஒரே ஆள் வைத்திருக்கும் எல்எல்சி, உரிமையாளரோடு கொடுக்கல் வாங்கல் நடந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் அந்தக் கொடுக்கல் வாங்கலைக் காட்டும் படிவம் 5472-ஐ ஐஆர்எஸ்-க்கு, அதாவது அமெரிக்க வரித்துறைக்கு, அனுப்ப வேண்டும். 2017-இல் தொடங்கிய வரி ஆண்டிலிருந்து இதுதான் விதி. அனுப்பாவிட்டால் 25,000 டாலர் அபராதம். லாபத்தில் இத்தனை சதவீதம் என்ற கணக்கெல்லாம் கிடையாது, ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காத கம்பெனிக்கும் அதே தொகைதான். நோட்டீஸ் வந்து 90 நாள் தாண்டியும் அசையாமல் இருந்தால், அதற்குப் பிறகு ஒவ்வொரு 30 நாளுக்கும் இன்னொரு 25,000.

"வியாபாரமே ஆரம்பிக்கலையே, என்ன கொடுக்கல் வாங்கல்?" என்பார்கள். கம்பெனியைப் பதிவு செய்ய உங்கள் சொந்த கார்டில் கட்டினீர்களே, அதுவே ஒன்று. வங்கிக் கணக்கு திறக்க 500 டாலர் போட்டீர்களா, அதுவும் முதலீடாகக் கணக்கில் வரும். அப்புறம் வீட்டுச் செலவுக்கு எடுத்தது, கம்பெனிக்குக் கொடுத்த கடன், அதைத் திருப்பி வாங்கியது, எல்லாமே சேர்த்திதான். சொந்தப் பணமும் கம்பெனிப் பணமும் ஒரே கணக்கில் புழங்கினால், வருஷக் கடைசியில் எது எதுவென்று உங்களுக்கே தெரியாது. தேதி, தொகை, எதற்காக என்று அன்றன்றைக்கே ஒரு வரி எழுதி வையுங்கள்.

அனுப்பும் விதத்திலும் சறுக்குகிறார்கள். 5472 தனியாகப் போகாது, கம்பெனிகளின் வருமான வரிப் படிவமான 1120-இன் முதல் பக்கத்தில் பெயர், முகவரி மாதிரி சில விவரங்களை மட்டும் நிரப்பி, மேலே 'ஃபாரின்-ஓன்ட் யு.எஸ். டிஇ' (வெளிநாட்டவருக்குச் சொந்தமான, வருமான வரிக்கு உரிமையாளரிலிருந்து தனியாகப் பார்க்கப்படாத அமெரிக்கக் கம்பெனி) என்று ஆங்கிலத்தில் எழுதி, அதோடு இணைக்க வேண்டும். வழக்கமான மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தி அனுப்பும் வேலை இல்லை இது, தபால் அல்லது ஃபேக்ஸ்தான். இந்தக் காலத்தில் ஃபேக்ஸா என்று சிரிப்பு வரும், சரி, அவர்கள் விதி அப்படி. கம்பெனிக்கு ஐஆர்எஸ் தரும் இஐஎன் என்ற அடையாள எண் கையில் இல்லாமல் இதைத் தொடவே முடியாது என்பதால் மார்ச் கடைசிவரை தள்ளிப்போடாதீர்கள். காலண்டர் ஆண்டுக் கம்பெனிக்குக் கெடு ஏப்ரல் 15, அதற்குள் அவகாசம் கேட்கும் படிவம் 7004 அனுப்பினால் இன்னும் ஆறு மாதம் கிடைக்கும்.

டெலவேருக்கு ஜூன் 1-க்குள் 300 டாலர் கட்டிவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. அது மாநிலத்துக்குப் போகும் பணம், ஐஆர்எஸ்-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதேபோல, அமெரிக்காவிலேயே நடத்தும் தொழிலில் வருமானம் வந்தால், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான வருமான வரிப் படிவம் 1040-என்ஆர் தனி, 5472 அனுப்பியதால் அது தீர்ந்துவிடாது.

ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்ததும் ஒரு உறுதிச் சீட்டு வரும், எத்தனை பக்கம், எந்தத் தேதி, எத்தனை மணி என்று. பக்க எண்ணிக்கை நீங்கள் அனுப்பியதோடு ஒத்துப்போகிறதா என்று அப்போதே பாருங்கள். அனுப்பினேன் என்று பின்னால் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்த ஒரு தாள்தான்.