மூன்று 50 மி.மீ. லென்ஸ்கள், ஒரு செய்தித்தாள்: வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன், புதிதாக வாங்கிய ஒரு லென்ஸின் இடப்பக்க ஓரம் மங்கலாக இருக்கிறதென்று முடிவுகட்டி, கடைக்காரரிடம் அரைமணி நேரம் வாதாடி அதைத் திருப்பிக் கொடுத்தேன். மாற்றாகக் கிடைத்த லென்ஸிலும் அதே பக்கம் அதே அளவு மங்கியிருந்தபோதுதான், நான் படமெடுத்த சுவருக்குக் கேமரா சற்றே கோணலாக நின்றிருந்தது புரிந்தது. இரண்டு லென்ஸ்களுக்கு இடையே நாம் காண்பதாக நினைக்கும் வேறுபாட்டில் கணிசமான பகுதி சோதிப்பவரின் கையிலிருந்தே வருகிறது. எனவே ஒப்பிடும் வேலையில் பெரும்பங்கு, ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் மாறாமல் வைத்திருப்பதுதான்.

எடுத்துக்காட்டாகக் கேனன் நிறுவனத்தின் மூன்று 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்களை எடுத்துக்கொள்வோம். (எஃப் எண் ஒளி நுழையும் துளையின் அளவைக் குறிக்கும்; எண் சிறிதானால் துளை பெரிது.) 1990-இல் வந்த இஎஃப் இரண்டாம் பதிப்பு, 2015-இல் வந்த இஎஃப் எஸ்டிஎம் (எஸ்டிஎம் என்பது ஃபோகஸ் மோட்டாரின் வகை), 2020-இல் கண்ணாடியற்ற (மிரர்லெஸ்) கேமராக்களுக்கென வந்த ஆர்எஃப் எஸ்டிஎம் ஆகியவை அவை. முதலிரண்டும் இஎஃப் மவுன்ட் (லென்ஸைக் கேமராவில் பொருத்தும் அமைப்பு) கொண்டவை. மூன்றாவது ஆர்எஃப் மவுன்ட் கொண்டது. இஎஃப் மவுன்ட்டில் லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து, படத்தைப் பதியும் சென்சார் வரை 44 மி.மீ. தொலைவு உண்டு, ஆர்எஃப் மவுன்ட்டில் அது 20 மி.மீ. மட்டுமே. இடைப்பட்ட 24 மி.மீ.-ஐ நிரப்பும் சாதாரண அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது என்பதால், ஆர்எஃப் மவுன்ட் கொண்ட ஈஓஎஸ் ஆர் போன்ற ஒரே கேமராவில் மூன்றையும் மாற்றி மாற்றிப் பொருத்திச் சோதிக்கலாம். வெவ்வேறு கேமராக்களில் எடுத்த படங்களை வைத்து லென்ஸ்களை ஒப்பிட்டால், எந்த வேறுபாடு லென்ஸுடையது, எது சென்சாருடையது என்று பிரிக்க வழியில்லை.

படமெடுக்கும் முன்

இரண்டாம் பதிப்பு இன்று பெரும்பாலும் பழைய சந்தையில்தான் கிடைக்கும் என்பதால், அதைச் சோதனைக்கு உட்படுத்துமுன் உள்ளே பார்த்துவிட வேண்டும். இருட்டறையில் லென்ஸின் பின்பக்கத்திலிருந்து கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்து முன்பக்கத்திலிருந்து நோக்கினால், உள்ளே இருப்பவை தெரியும். ஒன்றிரண்டு தூசுத் துகள்கள் படத்தில் தெரியவே தெரியா. அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாமே தவிர, அஞ்ச வேண்டியதில்லை. சிலந்தி வலை போலக் கிளைத்து ஓடும் மெல்லிய இழைகள் தென்பட்டால் அது பூஞ்சை. காற்றில் ஈரப்பதம் கூடிய கடற்கரை ஊர்களில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில், தோலுறைக்குள் மூடி அலமாரியில் வைத்த லென்ஸ்களில் இது எளிதில் வரும். முற்றினால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பால் கலந்தாற்போன்ற சீரான மங்கல் தெரிந்தால், வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும் படங்களில் கறுப்பு நிறம் சாம்பலாக வெளிறும்.

அடுத்து, லென்ஸைக் கேமராவில் பொருத்தி எஃப் 8 வைத்துச் சில படங்கள் எடுத்துப் பார்க்க வேண்டும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் தொடர்பு சரியில்லை என்ற பிழைச் செய்தி வந்தால், முதலில் உலோகத் தொடுமுனைகளைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மீண்டும் முயல வேண்டும். துடைத்த பின்னும் அதே செய்தி வந்தால் அந்த லென்ஸை அங்கேயே வைத்துவிட்டு வருவதே நல்லது.

சுவரும் செய்தித்தாளும்

லென்ஸ் சோதனைக்கென அச்சிட்ட அட்டைகள் விற்கின்றன. ஆனால் நம் வீட்டுக்கு வரும் தமிழ்ச் செய்தித்தாளே நல்ல சோதனை அட்டை என்பது என் கருத்து. மெய்யெழுத்துகளின் தலையில் இருக்கும் புள்ளியைக் கவனியுங்கள். நடுப்பகுதியில் வட்டமாக இருக்கும் புள்ளி, படத்தின் மூலையில் வால் முளைத்தாற்போல் இழுபட்டாலோ, ஒரு பக்கம் ஊதாவும் மறுபக்கம் பச்சையும் பூசிக்கொண்டாலோ, லென்ஸின் குறை அங்கேயே எழுதியிருக்கிறது. ஆங்கில எழுத்துகளில் இந்த வசதி ஐ, ஜே என்ற இரண்டு சிறிய எழுத்துகளுக்கு மட்டுமே உண்டு!

தொலைவு, குவியத் தொலைவைப்போல் ஐம்பது மடங்கு இருப்பது வழக்கம். 50 மி.மீ. லென்ஸுக்கு அது இரண்டரை மீட்டர். 36-க்கு 24 மி.மீ. அளவுள்ள முழுச்சட்டக சென்சாரில் அந்தத் தொலைவிலிருந்து ஏறக்குறைய 1.8 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் அடங்கும். விரித்த ஆறு தாள்களைச் சுருக்கமின்றி ஒட்டினால் சட்டகம் நிறைந்துவிடும். வெயில் நேராக விழாத, நிழலான வெளிச்சுவர் சிறந்தது. அறைக்குள் விளக்கொளியில் எடுத்தால் சில எல்ஈடி விளக்குகளின் துடிப்பு ஒரு படத்துக்கும் மறுபடத்துக்கும் இடையே வெளிச்சத்தை மாற்றிவிடும்.

இனி, நான் ஏமாந்த இடம். கேமராவின் சென்சார் சுவருக்கு இணையாக இருக்கிறதா என்பதைக் கண்ணளவால் தீர்மானிக்க முடியாது. தாள்களின் நடுவில் ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு படியும்படி ஒட்டி, ட்ரைபாட்டில் நிற்கும் கேமராவின் திரையைப் பாருங்கள். கண்ணாடியில் தெரியும் லென்ஸின் பிம்பம் சட்டகத்தின் சரியான நடுவில் வரும்வரை கேமராவை நகர்த்தியும் திருப்பியும் சரிசெய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். இதைத் தவிர்த்துவிட்டுச் செய்யும் எந்த ஓரச் சோதனையையும் நம்புவதற்கில்லை.

பிறகு ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, ரா கோப்பு (சென்சார் பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), பகல் வெளிச்சத்துக்கான வெண்சமநிலை (நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பு), கேமரா தானாக வெளிச்ச அளவை மாற்றாத முழுக் கைமுறை எக்ஸ்போஷர் என்று அமைத்து, இரண்டு விநாடி தாமதத்துடன் படமெடுக்க வேண்டும். அசைவு தாங்கும் வசதி இருந்தால் ட்ரைபாட்டில் அதை அணைத்துவிட வேண்டும். இந்த மூன்று லென்ஸ்களிலும் அது இல்லை, ஆனால் சில கேமராக்களின் உடலுக்குள்ளேயே இருக்கும். திரையைப் பத்து மடங்கு பெரிதாக்கி, நடுவில் உள்ள எழுத்தின் மீது கையால் ஃபோகஸ் செய்ய வேண்டும். எஸ்டிஎம் லென்ஸ்களில் ஃபோகஸ் வளையம் மோட்டாருக்குக் கட்டளை அனுப்புகிறதே ஒழிய, கண்ணாடியை நேரடியாக நகர்த்துவதில்லை. கேமரா அணைந்து மீண்டும் எழுந்தால் ஃபோகஸ் இடம் மாறியிருக்கக்கூடும் என்பதால் அப்போது மறுபடியும் ஃபோகஸ் செய்தாக வேண்டும்.

எஃப் 1.8, 2.8, 5.6, 8 ஆகிய நான்கு துளைகளில் எடுத்தால் போதும். எஃப் 16-ஐ நான் சோதிப்பதே இல்லை. பச்சை ஒளியை வைத்துக் கணக்கிட்டால், அந்தத் துளையில் ஒளிவிளிம்பு விலகலால் (சிறு துளை வழியே வரும் ஒளி பரவுவதால்) ஒரு புள்ளியின் பிம்பம் சுமார் 21 மைக்ரான் அகலத்துக்குப் பரவும். ஈஓஎஸ் ஆர் கேமராவின் ஒரு பிக்சலோ 5.4 மைக்ரான் அளவே. அங்கே எல்லா லென்ஸும் ஒரே மாதிரி மங்கும், விலை உயர்ந்ததும் உட்பட.

ஒரு மூலை மட்டும் மங்கினால்

நான்கு மூலைகளும் ஒரே அளவில் மங்கினால் அது அந்த வடிவமைப்பின் இயல்பு. ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் மங்கினால், உள்ளிருக்கும் கண்ணாடிகளில் ஒன்று மையம் விலகியிருக்கலாம். ஒரே மாதிரி லென்ஸ்களுக்குள்ளும் ஒன்று நன்றாகவும் மற்றொன்று சுமாராகவும் அமைவது இதனால்தான். பிறர் எழுதும் மதிப்புரை அவர் கையிலிருந்த லென்ஸைப் பற்றியது.

இதைச் சுவர் இல்லாமலே உறுதிப்படுத்திக்கொள்ளலாம். மொட்டை மாடிக்குச் சென்று, அரை கிலோமீட்டராவது தள்ளியிருக்கும் மேல்நிலை நீர்த்தொட்டியோ கைப்பேசிக் கோபுரமோ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எஃப் 1.8 வைத்து, அதை நடுவில் நிறுத்தி ஃபோகஸ் செய்தபின், ஃபோகஸைத் தொடாமல் நான்கு மூலைகளுக்கும் ஒவ்வொன்றாகக் கொண்டுசென்று படமெடுங்கள். அவ்வளவு தொலைவில் கோணல் ஒரு பொருட்டல்ல; எனவே மூலைகளுக்கிடையே தெரியும் வேறுபாடு லென்ஸுடையதே. மூலையில் மறுபடி ஃபோகஸ் செய்ததும் கூர்மை திரும்பிவிட்டால், அந்த லென்ஸின் ஃபோகஸ் தளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருக்கிறது என்று பொருள். மனிதர்களை நடுவில் வைத்து எடுப்பவருக்கு அது குறையே அன்று.

சுவர் சொல்லாதவை

கூர்மை ஒன்றையே அளந்துவிட்டு நிறுத்திக்கொள்வது பலரும் செய்யும் தவறு. முதலிரண்டு இஎஃப் லென்ஸ்களும் ஐந்து தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள் என்ற அமைப்பையே கொண்டவை; கூர்மையில் அவை நெருங்கி வருவதில் வியப்பில்லை. வேறுபாடு வேறிடங்களில் இருக்கிறது. இரண்டாம் பதிப்பில் துளையைச் சுருக்கும் இதழ்கள் ஐந்து. மற்ற இரண்டிலும் ஏழு. எனவே வேப்பமரத்தின் இலையிடுக்குகளைப் பின்னணியாக வைத்து எஃப் 2.8-இல் ஒருவரை எடுத்தால், பழைய லென்ஸில் ஒளித்திட்டுகள் ஐங்கோணமாகவும், ஏழிதழ் லென்ஸ்களில் வட்டத்தை நெருங்கியும் வரும். இரவில் தெருவிளக்கைச் சட்டகத்தின் மூலையில் வைத்து எஃப் 1.8-இல் எடுத்தால், விளக்குக்குச் சிறகு முளைக்கிறதா என்பதும் தெரியும்.

எவ்வளவு நெருங்க முடியும் என்பதும் முக்கியம். பழையது 45 செ.மீ., இஎஃப் எஸ்டிஎம் 35 செ.மீ., ஆர்எஃப் 30 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். முழுச்சட்டகத்தில் சட்டகத்தின் அகலம் முறையே ஏறக்குறைய 24, 17, 14 செ.மீ. பரப்பைக் காட்டும். அதாவது முதலாவதில் தட்டு வரும், கடைசியில் ஒற்றை இட்லி சட்டகத்தின் உயரத்தை நிறைக்கும். சாப்பாட்டையும் நகையையும் எடுப்பவருக்கு மூலைக் கூர்மையைவிட இதுவே பெரிய செய்தி.

தானியங்கி ஃபோகஸைச் சோதிக்க, ஒவ்வொரு முறையும் லென்ஸை மிக அருகில் ஃபோகஸ் செய்து கலைத்துவிட்டு, அதே பொருளைப் பத்து முறை எடுத்து, எத்தனை கூர்மையாக வந்தன என்று எண்ணுங்கள். காணொளி எடுப்பவர் அமைதியான அறையில் ஒரு நிமிடம் ஒலியோடு பதிவுசெய்து கேட்க வேண்டும். இரண்டாம் பதிப்பின் மோட்டார் ஓசை அதில் தெளிவாகவே கேட்கும்.

மென்பொருள் கலந்துகொள்ளும் இடம்

கேமராவுக்குள் ஜேபெக் உருவாகும்போதே ஓர இருள், உருவக் கோணல், கூர்மை ஆகியவை திருத்தப்படலாம். ஆகவே ஜேபெக்கை வைத்து லென்ஸை எடைபோடலாகாது. ரா கோப்பும் முற்றிலும் தூய்மையானது என்று எண்ண வேண்டாம். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருள் ஒவ்வொரு ரா கோப்புக்கும் தொடக்கத்திலேயே கூர்மை 40 என்ற அளவைச் சேர்க்கிறது; கண்ணாடியற்ற கேமராக்களின் லென்ஸ்கள் பலவற்றுக்கு, கோப்புக்குள் பதிந்துள்ள திருத்தங்களைக் கேளாமலே செயல்படுத்தவும் செய்கிறது. அப்போது புதிய லென்ஸ் திருத்தப்பட்டும், பழையது திருத்தப்படாமலும் அருகருகே நிற்கும். இது நேர்மையான போட்டி அன்று.

இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் அல்லது ராதெரபியில் மூன்று கோப்புகளையும் திறந்து, லென்ஸ் திருத்தத்தை அணைத்து, கூர்மையைச் சுழியாக்கி ஒருமுறை பாருங்கள். பிறகு எல்லாவற்றுக்கும் திருத்தத்தை இயக்கி இன்னொரு முறை பாருங்கள். முதலாவது லென்ஸைக் காட்டும். இரண்டாவது உங்கள் கைக்கு வரப்போகும் படத்தைக் காட்டும். ஓர இருளை மென்பொருள் தூக்கிவிடும்போது அந்த மூலைகளில் இரைச்சல் (மணல் தூவினாற்போன்ற புள்ளிகள்) கூடுகிறதா என்பதையும் இங்கேயே கவனித்துவிடலாம்.

மென்பொருள்களையே ஒப்பிட விரும்பினாலும் முறை மாறாது: ஒரே ரா கோப்பு, ஒரே வெண்சமநிலை எண், தொடக்க அளவுகள் எல்லாம் சுழி. கேனன் கேமரா வாங்கியவர் அந்நிறுவனத்தின் இலவச மென்பொருளையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். அதன் நிறம் கேமராவின் ஜேபெக்கை ஒட்டியிருக்கும். லைட்ரூமுக்குச் சந்தா கட்ட வேண்டும் என்பதால், ஆயிரக்கணக்கில் படங்களை வகைப்படுத்தும் திருமணப் படப்பிடிப்பாளருக்குப் பயன்படும் அதே வசதி, மாதம் இருபது படம் எடுப்பவருக்குச் செலவாகவே நிற்கும்.

பெயரை மறைத்துப் பாருங்கள்

புதிதாகப் பணம் கொடுத்து வாங்கியது சிறப்பாக இருக்க வேண்டும் என்று கண் எதிர்பார்க்கும். ஆகவே வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, கோப்புகளை அ, ஆ, இ என்று பெயர்மாற்றித் தரச் சொல்லுங்கள். திரையில் நூறு விழுக்காடு பெரிதாக்கத்தில் ஒருமுறை பார்த்து வரிசைப்படுத்தியபின், ஒவ்வொன்றையும் 12-க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டும் பாருங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கொண்டால் அந்த அச்சுக்கு 5400-க்கு 3600 பிக்சல்கள்தான் தேவை. அதைவிடப் பெரிய கோப்பு எதுவானாலும் அந்த அளவுக்குச் சுருங்கியே தாளில் இறங்கும். எஃப் 5.6-இல் எடுத்த அச்சுகளை என்னால் லென்ஸ்வாரியாகப் பிரிக்க முடியவில்லை, எஃப் 1.8-இல், அதுவும் மூலைகளில் மட்டும், முடிந்தது.

தாள்களைக் கிழிக்குமுன், ட்ரைபாட்டின் மூன்று கால்களும் நின்ற இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து, அதன் உயரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த லென்ஸ் வரும்போது அதே கேமராவை அதே இடத்தில் நிறுத்தி, இந்தக் கோப்புகளோடு அதையும் ஒப்பிடலாம். முகம் பார்க்கும் கண்ணாடியை மட்டும் மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும்.