பத்தில் நின்று கணக்கிடுதல்: குழந்தைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் கற்பிக்கும் முறை

முதல் வகுப்பை முடித்த குழந்தையிடம் 8 உடன் 5-ஐக் கூட்டச் சொன்னால், பெரும்பாலும் விரல்களை நீட்டி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். விடையும் சரியாகவே வரும். ஆனால் 38 உடன் 27 என்று கணக்கு வளரும்போது விரல்கள் போதாமல் போகின்றன. எண்ணும் வழியில் எங்கோ ஓர் எண் தவறிவிடுகிறது. எண்ணும் பழக்கத்திலிருந்து கணக்கிடும் பழக்கத்திற்குக் குழந்தையைக் கொண்டுவர, பத்தில் நின்று மேலே செல்லப் பழக்குவதே உறுதியான வழி என்பது என் கருத்து.

முதல் படி: பத்தின் சோடிகள்

பத்துப் புளியங்கொட்டைகளைக் குழந்தையின் கண்முன் எண்ணி வையுங்கள். சிலவற்றை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, மீதியைத் தரையில் காட்டி, "என் கையில் எத்தனை இருக்கிறது?" என்று கேளுங்கள். தரையில் 7 இருந்தால் கையில் 3, 6 இருந்தால் 4 என்று எண்ணாமலேயே சொல்லும்வரை, நாள்தோறும் ஐந்து நிமிடம் தொடருங்கள். அடுத்து வருபவை எல்லாம் இதன்மீதே நிற்பதால் இங்கே அவசரம் கூடாது.

இரண்டாம் படி: பத்தை நிரப்புதல்

8 + 5 என்ற கணக்கில், ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டுடன் சேர்த்தால் பத்து, மிச்சம் மூன்று, ஆகவே பதின்மூன்று. பதின்மூன்று, பதினெட்டு போன்ற சொற்களுக்குள் பத்தும் மிச்சமும் காதில் விழும்படியே அமைந்திருப்பதால், அவற்றைப் பிரித்துச் சொல்லிக் காட்டுங்கள். இலெவன், ட்வெல்வ் என்ற சொற்களில் பத்து கேட்பதில்லை. ஆங்கில வழியில் படிக்கும் குழந்தைக்கும் இந்தப் படியைத் தமிழில் சொல்லித் தருவது நல்லது.

பெரிய எண்களுக்கும் இதே வழிதான்: 38 + 27-இல் இரண்டை நகர்த்தினால் 40 + 25, விடை 65.

மூன்றாம் படி: கழித்தல்

குழந்தைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 52 − 47 என்று எழுதிக் கொடுத்தால், இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து, 15 என்று எழுதிவிடும் குழந்தைகள் பலர். கவனக்குறைவு என்று இதைக் கடிந்துகொள்ள வேண்டாம். எண்ணை முழுதாகப் பார்க்காமல் தனித்தனி இலக்கங்களாகப் பார்ப்பதால் வரும் பிழை இது.

63 ரூபாய்க்கு மளிகை வாங்கி 100 ரூபாய் நோட்டைக் கொடுக்கும்போது கடைக்காரர் சில்லறை எண்ணுவதைக் குழந்தைக்குக் காட்டுங்கள். 63-இலிருந்து 70-க்கு 7, அங்கிருந்து 100-க்கு 30, ஆக 37 என்று அவர் ஏறிச் செல்கிறார். வீட்டில் ஒரு கோடு வரைந்து, ஒரு முனையில் 47, மறுமுனையில் 52, இடையில் 50 என்று குறித்து, 3 தாவல், 2 தாவல், ஆக 5 என்று குழந்தையையே சொல்லவையுங்கள்.

ஆனால் 52 − 3 என்ற கணக்கிற்கு ஏறிச் செல்வது வீண்வேலை. 52-இலிருந்து 2 இறங்கி 50, இன்னும் 1 இறங்கி 49 என்பதே எளிது. 83 − 29 போன்ற கணக்குகளில் 30-ஐக் கழித்து 53 ஆக்கி, கூடுதலாக எடுத்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் 54. அந்த ஒன்றைத் திருப்பிக் கொடுக்காமல் மேலும் கழித்துவிடும் குழந்தைக்கு, புளியங்கொட்டைகளை வைத்தே மீண்டும் செய்து காட்டுங்கள்.

1000 − 467 என்ற கணக்கில் பூச்சியங்களைத் தாண்டிக் கடன் வாங்குவது கடினம். இரு எண்களிலும் ஒன்றைக் குறைத்து 999 − 466 என்று மாற்றினால், இடைவெளி மாறாததால், கடன் வாங்காமலேயே 533 கிடைக்கிறது. பள்ளியில் கற்பிக்கும் கடன் வாங்கிக் கழிக்கும் முறையும் தேவையானதே. இவை அதற்குத் துணை.

நான்காம் படி: வழியைத் தேர்ந்தெடுத்தல்

71 − 68, 71 − 4, 71 − 39, 600 − 245 ஆகிய நான்கையும் எழுதிக் கொடுத்து, விடை கேட்காமல், எதற்கு எந்த வழி ஏற்றது, ஏன் என்று மட்டும் முதலில் கேளுங்கள். குழந்தை சொல்லி முடித்தபிறகு பென்சிலைக் கொடுக்கலாம்.