வன்னியில் கமராவைக் கொண்டு கைச்செலவுக்குச் சம்பாதிப்பது எப்படி?

இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டால் கிளிநொச்சியில் கமரா வைத்திருக்கும் அத்தனை பேரும் அங்கேதான் நிற்போம். நானும் நின்றிருக்கிறேன். தண்ணீர் பால் போலப் பாய்வதை முந்நூறு தடவையாவது படம் எடுத்திருப்பேன். அவற்றில் ஒன்றுக்குக்கூட யாரும் ஐந்து சதம் தந்ததில்லை.

எனக்கு முதன்முதலில் காசு தந்தவர் பக்கத்து வளவு மாமி. பிளாஸ்ரிக் பைக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு சிறிய படத்தைக் கொண்டுவந்தார். தமையனின் அடையாள அட்டைக்காக எடுத்தது. ஓரம் நீரில் ஊறி, கன்னத்தில் கறை படிந்திருந்தது. “தம்பி, இதைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கித் தரமுடியுமா?” என்று கேட்டார். போரில் 2009 வரை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த வீடுகளில் அல்பம் என்று ஒன்று மிஞ்சியது குறைவு. ஆகவே வன்னியில் படத்துக்கு இருக்கும் தேவை வேறு மாதிரியானது. காட்சிப் படம் எடுத்து மகிழுங்கள், தடையில்லை. காசு வேண்டுமென்றால் வீடுகளுக்குள் வேண்டப்படும் படத்திலிருந்து தொடங்குங்கள்.

படி 1: கையில் இருப்பதைச் சோதியுங்கள்

புதிய கமரா வாங்கக் கடன் எடுக்காதீர்கள். நுண்கடன்காரர் வாரந்தோறும் படலையில் வந்து நிற்பார். வாடிக்கையாளர் வாரந்தோறும் வரமாட்டார்.

உங்கள் கைபேசி 12 மெகாபிக்சல் படம் எடுக்கும் என்றால் அது ஏறத்தாழ 4000க்கு 3000 புள்ளிகள். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 8க்கு 12 அங்குலப் படத்துக்கு 2400க்கு 3600 போதும். அதாவது பகல் வெளிச்சத்தில் எடுத்த கைபேசிப் படம் சுவரில் மாட்டும் அளவுக்குத் தாராளமாக வரும். மண்டபத்துக்குள்ளும் இரவிலும்தான் கைபேசி கைவிடும்.

பழைய கமரா ஒன்று மலிவாக வந்தால் லென்ஸின் ஒரு பக்கம் டோர்ச் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சணம், வாங்கவேண்டாம். கூட ஒரு லென்ஸ் வாங்க வசதி இருந்தால் 50 மில்லிமீற்றர், எப் 1.8 (ஒளி புகும் துவாரம் அகலமாகத் திறக்கும் வகை) போதும். விலை குறைவு, மங்கல் வெளிச்சத்திலும் முகம் தெளிவாக விழும். மார்கழி மழைக்காலத்தில் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள். தவிடு உள்ளே போனால் பிறகு அழுவது நீங்கள்தான்.

படி 2: வெளிச்சத்தைப் பழகுங்கள்

காலை 11 மணி முதல் பின்னேரம் 3 மணி வரை எங்கள் வெயிலில் ஆளை நிறுத்தினால் கண்குழி இரண்டும் கறுத்துப்போகும். அந்த நேரத்தில் ஆளைத் திண்ணையிலோ வாசல் நிலைக்கு உள்ளேயோ இருத்துங்கள், முகம் வெளியே பார்த்தபடி இருக்கட்டும். முற்றத்து மண்ணில் பட்டுத் தெறிக்கும் வெயில் கீழிருந்து முகத்துக்கு ஒளி கொடுக்கும். செம்மண் முற்றம் என்றால் முகத்திலும் கொஞ்சம் செம்மை ஏறும். கமராவில் நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலையைச் சற்றுக் குளிர்ந்த பக்கம், அதாவது நீலப் பக்கம், திருப்பினால் சரியாகும். வேப்பமர நிழலும் நல்லது. ஆனால் இலைகளுக்கு இடையால் விழும் வெயில் பொட்டுகள் முகத்தில் விழாத இடமாகப் பாருங்கள்.

இப்படி வீட்டில் உள்ள மூன்று நான்கு பேரை எடுத்து, சிறந்த ஐந்தை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கைபேசியில் காட்டும் படத்தை எங்கள் அம்மம்மாக்கள் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்கள். கடதாசியில் கொடுத்தால் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

படி 3: பழைய படங்களைப் புதுப்பித்துக் கொடுங்கள்

தொடங்குபவருக்கு இதுதான் நிலையான வருமானம் என்பது என் எண்ணம். ஒரு கணினியும் பொறுமையும் போதும்.

ஸ்கானர் கிடைத்தால் சிறிய படங்களை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) எடுங்கள். 35க்கு 45 மில்லிமீற்றர் கடவுச்சீட்டு அளவுப் படம் அப்போது சுமார் 1650க்கு 2120 புள்ளிகளாகும். ஐந்தரைக்கு ஏழு அங்குலம் வரை நன்றாக அச்சடிக்கலாம். அதற்கு மேல் பெரிதாக்கினால் மூலப் படத்தின் மங்கலும் சேர்ந்து பெரிதாகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்கானர் இல்லையா? படத்தை மேசையில் தட்டையாக வைத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே அளவான வெளிச்சம் 45 பாகைச் சரிவில் விழும்படி செய்து, கமராவை நேர் மேலே பிடித்து எடுங்கள். பளபளப்பு விழுந்தால் விளக்கை இன்னும் தாழ்த்துங்கள். கமரா சரிந்தால் முகம் ஒரு பக்கம் இழுபடும். தாய்க்கு அது உடனே தெரிந்துவிடும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்க முயலாதீர்கள். கண்ணாடிக்கு மேலாகவே எடுங்கள். ஒருமுறை நான் உரித்துப் பார்த்தேன், நெற்றியில் ஒரு துண்டு கண்ணாடியோடு போய்விட்டது. அந்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திருத்தும்போது ஜிம்ப் என்ற இலவச மென்பொருளே போதும். முதலில் மூலத்தை ஒரு பிரதி எடுத்துத் தனியே வையுங்கள். பிறகு பின்னணி, உடுப்பு, கடைசியாக முகம் என்ற வரிசையில் போங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஒரு நொடியில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கிவிடுகின்றன. பளிச்சென்று வருவது பல நேரங்களில் வேறு யாருடையவோ முகம். கறை படிந்த கன்னம் என்ன வடிவம் என்று செயலிக்குத் தெரியாது, அது இட்டுக்கட்டும். கீறல் நீக்க மட்டும் பயன்படுத்துங்கள். கண்ணையும் வாயையும் அதனிடம் விடாதீர்கள்.

கேட்பார்கள்: சேட்டுக்கு மேல் கோட் போடமுடியுமா, இல்லாத தகப்பனை மகளின் கலியாணப் படத்தில் பக்கத்தில் நிறுத்தமுடியுமா என்று. முடியும். இரண்டு படங்களிலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் ஒன்றை இடம்வலமாகத் திருப்ப ஆசை வரும். திருப்பினால் மச்சமும் வகிடும் பக்கம் மாறிவிடும். ஆகவே நிழலைத்தான் சரிசெய்யவேண்டும்.

இந்தப் படங்களில் எதையும் உங்கள் முகநூலில் “முன்னர் – பின்னர்” என்று போடாதீர்கள். படத்தில் இருப்பவர் யார், என்ன உடுப்பு, எப்படிப் போனார் என்பது அந்த வீட்டின் விடயம்.

படி 4: சின்ன நிகழ்வுகளில் கை பழகுங்கள்

கலியாணவீட்டைத் தனியே பொறுப்பெடுக்க அவசரப்படவேண்டாம். தாலி கட்டும் நேரம் திரும்ப வராது. ஊர் ஸ்ரூடியோக்காரர் ஒருவரிடம் போய், “அண்ணை, பிளாஷ் பிடிக்க வரட்டுமா?” என்று கேளுங்கள். நாட்சம்பளம் சிறிதாக இருக்கும். ஆனால் ஐயர் எந்தப் பக்கம் திரும்புவார், பொம்பிளையின் தோழி எங்கே மறைப்பாள், எந்த மாமாவைப் படத்தில் சேர்க்காவிட்டால் சண்டை வரும் என்பதெல்லாம் அங்கேதான் விளங்கும்.

தனியாக எடுக்க முதலாம் பிறந்தநாள், பாலர் பாடசாலைக் கலைவிழா, குடிபூரல் போன்றவை நல்லவை. பாடசாலை என்றால் அதிபரின் அனுமதி இல்லாமல் வாசலைத் தாண்டக்கூடாது. எந்த நிகழ்வானாலும் வீட்டுக்காரரிடம் ஐந்து பெயர்களை எழுதி வாங்குங்கள்: கட்டாயம் படத்தில் வரவேண்டிய ஐந்து பேர். பெரும்பாலும் அதில் ஒரு வயதான அம்மாவும் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த ஒருவரும் இருப்பார்கள். அவர்களை முதல் அரைமணிக்குள் எடுத்து முடித்துவிடுங்கள். சாமத்தியவீட்டுப் படங்களை விளம்பரத்துக்குப் பாவிப்பதை அடியோடு மறந்துவிடுங்கள், அது சிறுபிள்ளையின் படம்.

படி 5: திருவிழாக்கள்

வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு வரும் கூட்டத்தை நான் சொல்லத் தேவையில்லை. ஓகஸ்ட் 15ஆம் திகதி மடு மாதா திருவிழாவும் அப்படித்தான். வற்றாப்பளையில் கோபுரத்தை எடுப்பவர்கள் நூறு பேர் இருப்பார்கள். நீங்கள் காவடி எடுப்பவரையும் பாற்செம்பு சுமக்கும் பெண்ணையும் பாருங்கள். நேர்த்திக்கடன் முடிக்கும் நாள் அந்தக் குடும்பத்துக்கு வாழ்நாளில் ஒருமுறை வருவது. கூட வந்தவர்களின் கைபேசிப் படமோ தலைகளுக்குப் பின்னால் மங்கலாக இருக்கும். எடுத்த கையோடு கூட வந்த உறவினரிடம் காட்டி, வாட்ஸ்அப் இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மூலஸ்தானத்தை எடுக்கவேண்டாம். பரிபாலன சபையிடம் முன்கூட்டியே போய்க் கேட்டால் எங்கே நிற்கலாம் என்று அவர்களே காட்டுவார்கள்.

படி 6: வெளிநாட்டுப் பிள்ளைகளின் கண்ணாக இருங்கள்

கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்கள் ஊரில் வீடு கட்டுகிறார்கள், காணி வாங்குகிறார்கள். மேசன் அனுப்பும் படத்தில் சுவரின் ஒரு மூலைதான் இருக்கும். நீங்கள் மாதம் ஒருமுறை போய் ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்தில், ஒரே பத்துப் படங்களை எடுத்து அனுப்புவதாகப் பேசுங்கள். நிற்கும் இடத்தில் ஒரு கல்லை நட்டு வையுங்கள். போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன வித்தியாசம் என்பது அப்போதுதான் பளிச்சென்று தெரியும். மேசனோடு மட்டும் பகைத்துக்கொள்ளாதீர்கள். படம் எடுக்க வந்தவர் நீங்கள், கணக்குப் பார்க்க வந்தவர் அல்ல.

இன்னொரு வகை: தனியே இருக்கும் தாய் தகப்பனைப் படம் எடுத்து அனுப்புவது. அம்மா சமைக்கும்போது, ஐயா மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போது எடுங்கள். வெள்ளை வேட்டி கட்டிக் கதிரையில் விறைத்து இருக்கும் படம் ஒன்றும் வேண்டும்தான், அது ஐயாவுக்காக. மகன் திரும்பத் திரும்பப் பார்ப்பது மாட்டோடு நிற்கும் படத்தைத்தான்.

படி 7: இணையத்தில் விற்பது

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை. படம் விற்றுத் தரும் இணையத்தளங்களில் அடோபி ஸ்டொக் படம் விற்றால் 33 வீதம் தரும். ஷட்டர்ஸ்டொக் உங்கள் விற்பனையைப் பொறுத்து 15 முதல் 40 வீதம் வரை தரும், ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் கீழ்ப்படியிலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும். ஒரு படத்துக்குச் சில அமெரிக்கச் சதங்கள் வருவதே வழக்கம். அடையாளம் தெரியும் முகம் விளம்பரப் பாவனைக்குப் போவதென்றால் அவர் கையொப்பமிட்ட சம்மதப் பத்திரம் வேண்டும். சூரியன் மறையும் படம் உலகம் முழுவதும் குவிந்து கிடக்கிறது. கருவாடு காயும் பரண், பனங்கிழங்குப் பாத்தி, உழவு இயந்திரத்தில் நெல் அடிப்பது போன்றவை குறைவு. மழை நாட்களில் பத்துப் பத்தாக ஏற்றிவிட்டு மறந்துவிடுங்கள்.

விலை சொல்வது

எங்களில் பலருக்கு இதுதான் படம் எடுப்பதைவிடக் கடினம். “உங்களிடம் என்ன வாங்குவது” என்று சொல்லிவிட்டுப் பெற்றோலுக்குத் தடுமாறுவோம். கணக்கு இப்படி: பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு 50 கிலோமீற்றருக்கு மேல், போய்வர 100க்கு மேல். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டரை லீற்றராவது போகும். மூன்று மணித்தியால நிகழ்வென்றால் பயணம் மூன்று, திருத்தம் நான்கு, ஆக மொத்தம் பத்து மணித்தியாலம். உங்கள் ஊரில் கூலி வேலைக்குப் போகிறவரின் இன்றைய நாட்சம்பளத்தை விசாரியுங்கள். அதற்குக் குறையாமல் உங்கள் நேரத்துக்கு வைத்து, பெற்றோலையும் அச்சுக்கூலியையும் சேர்த்து, அதற்கு மேல் நாலில் ஒரு பங்கு கமராவின் தேய்மானத்துக்கு வையுங்கள். பாதியை முற்பணமாக வாங்குங்கள். எத்தனை படம், எந்தத் திகதிக்குள் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்புங்கள். செத்தவீட்டுப் படத்துக்கு மட்டும் நான் முற்பணம் கேட்பதில்லை. அது என் வழக்கம், உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

வேலை தொடர்ந்து வரத் தொடங்கினால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். கிராம அலுவலரிடமிருந்து தொடங்கவேண்டும்.

கை வைக்கக்கூடாதவை

கடவுச்சீட்டுக்கும் தேசிய அடையாள அட்டைக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஸ்ரூடியோவின் படமே செல்லும். ஒருவரின் பயணத்தை வீணாக்காதீர்கள். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். இராணுவ முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். பறவை எடுக்கப் போகும்போது பற்றைக்குள் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால், எவ்வளவு பழையதாக இருந்தாலும், வந்த தடத்திலேயே திரும்பி வாருங்கள்.

படி 8: கொடுத்த பிறகும் வைத்திருங்கள்

ஒவ்வொரு வேலையையும் இரண்டு வன்தட்டுகளில் பதியுங்கள். இரண்டாவது உங்கள் வீட்டில் இருக்கக்கூடாது. நான் அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன். கோப்புக்குக் கமரா தரும் இலக்கத்தை விட்டுவிட்டு ஆண்டு, மாதம், ஊர், வீட்டுப் பெயர் என்று பெயரிடுங்கள்.

பக்கத்து வளவு மாமி போன வருடம் மறுபடியும் வந்தார். தமையனின் படம் கூரை ஒழுக்கில் நனைந்து போய்விட்டதாம். பெயரைத் தட்டினேன், வந்தது. இரண்டாவது அச்சுக்கு என்ன காசு என்று கேட்டார். கடதாசிக் காசை மட்டும் வாங்கிக்கொண்டு, இந்தமுறை கண்ணாடிப் பிறேமின் பின்பக்கத்தைச் சுற்றி நீர் புகாத ஒட்டுநாடா ஒட்டிக் கொடுத்தேன்.