ஹிஸ்பானிக் சமூகங்களில் போதைப்பொருள் ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மை ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ, அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் அல்லது லத்தீன் அமெரிக்காவின் வம்சாவளியினர், என்று குறித்தவர்கள் 6.21 கோடிப் பேர். அந்நாட்டு மக்களில் இது 18.7 சதவீதம். போதைமருந்து அளவு மீறி நேரும் மரணங்களில் இவர்களுடைய விகிதம் தேசிய விகிதத்தைவிடக் குறைவாகவே பதிவாகிறது. ஆய்வுகள் வழிதவறத் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ‘குறைவு’ என்று கண்டதும் கேள்விகள் நின்றுவிடுகின்றன. இது யாரையெல்லாம் சேர்த்து எடுத்த சராசரி, யார் கணக்கிலேயே வரவில்லை, வந்தவர்களால் உண்மையைச் சொல்ல முடிந்ததா என்று பிறகு யாரும் பார்ப்பதில்லை. சிகிச்சை மையங்களுக்கான பணத்தைப் பங்கிடுபவர்களும் இதே எண்களைத்தான் பார்க்கிறார்கள்.

எல்லோரையும் ஒரே கட்டத்தில் அடைப்பது

‘ஹிஸ்பானிக்’ என்ற கட்டத்துக்குள் மெக்சிகோ வம்சாவளியினர் சுமார் அறுபது சதவீதம். புவெர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடோர், டொமினிக்கன் குடியரசு என்று மற்றவர்கள் பிரிகிறார்கள். சராசரி எடுத்தால் அது பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினரின் சராசரியாகவே இருக்கும். அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட தீவான புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். விசாவோ எல்லைச் சோதனையோ இல்லாமல் தீவுக்கும் நியூயார்க்குக்கும் போய்வருகிறார்கள். ஊசிவழி ஹெராயினாலும் அதன் வழியே பரவிய எச்.ஐ.வி.யாலும் பல பத்தாண்டுகளாகக் கடுமையாக அடிபட்ட சமூகம் அது. இதை லாஸ் ஏஞ்சலிஸுக்கு அண்மையில் வந்த மெக்சிகோ தொழிலாளியின் நிலையோடு கலந்தால், கிடைக்கும் எண் இருவருக்குமே பொருந்தாது.

சைலசின் இதற்குக் கண்முன் உள்ள உதாரணம். கால்நடைகளுக்குக் கொடுக்கும் இந்த மயக்க மருந்து புவெர்ட்டோ ரிக்கோவின் தெருச் சரக்கில் 2000-களின் தொடக்கத்திலேயே கலந்திருந்தது. ஆறாத புண்களோடு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஹெராயின் வகையைச் சேர்ந்த, ஆனால் அதைவிட மிக வீரியமான செயற்கை மருந்து ஃபென்டனில். சைலசின் கலந்த ஃபென்டனிலை வெள்ளை மாளிகையின் போதைப்பொருள் கட்டுப்பாட்டு அலுவலகம் ‘உருவாகிவரும் அச்சுறுத்தல்’ என அறிவித்தது 2023 ஏப்ரலில். தீவில் தெரிந்ததைத் தீவின் பிரச்சினை என்று ஒதுக்காமல் இருந்திருந்தால், பின்னர் இதே கலப்பு பரவிய பிலடெல்ஃபியா போன்ற நகரங்கள் முன்பே தயாராகியிருக்கலாம்.

ஆகவே கேள்வித்தாளில் வம்சாவளி, பிறந்த இடம், பெற்றோர் பிறந்த இடம், அமெரிக்காவுக்கு வந்த வயது ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் வேண்டும் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். 2008 முதல் 2011 வரை பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ ஆகிய நான்கு இடங்களில் 16,415 பேரைச் சேர்த்த லத்தீனோ உடல்நல ஆய்வால் வம்சாவளிவாரியாகப் பேச முடிகிறது என்றால், அது அப்படித் திட்டமிட்டதால்தான். தேசியப் போதைப்பொருள் கணக்கெடுப்பின் தரவில் ஒரு பிரிவு சிறியதாக இருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளை இணைக்கலாம். இணைக்கும்போது ஒவ்வொருவரின் எடையையும் (அவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்காக நிற்கிறார் என்ற எண்) ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க மறப்பது அடிக்கடி நடக்கிறது; மறந்தால் மக்கள்தொகையே இரண்டு மூன்று மடங்காகிவிடும். 2020-க்கு முன்னும் பின்னும் வந்த ஆண்டுகளை இணைக்கவே கூடாது. அப்போது இணையவழி நேர்காணலும் புதிய நோயறிதல் வரையறையும் சேர்ந்ததால் இரண்டும் ஒப்பிடத் தகுந்தவை அல்ல.

வயதையும் மறக்காதீர்கள். ஹிஸ்பானிக் மக்களின் இடைநிலை வயது முப்பதை ஒட்டியது. வெள்ளையருடையது நாற்பதைத் தாண்டியது. இந்த வயது வேறுபாட்டைச் சரிக்கட்டும் வயதுச் சீரமைப்பு செய்யாத ஒப்பீட்டில் பாதி வேறுபாடு எதிலிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாது.

புலம்பெயர்ந்தோருக்குக் கவசம் உண்டு என்று நம்புவது

கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ மாவட்டத்தில் மெக்சிகோ வம்சாவளியினரிடம் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு இந்தத் துறையில் மிகவும் பெயர்பெற்றது. போதைக் கோளாறுகளும் அடங்கிய மனநலக் கோளாறுகள் வாழ்நாளில் ஒருமுறையாவது வந்தவர்கள், புலம்பெயர்ந்து வந்தவர்களில் 24.9 சதவீதம், அமெரிக்காவில் பிறந்தவர்களில் 48.1 சதவீதம். ஏழ்மையில் வந்தவர்கள் நலமாக இருக்கிறார்கள், இங்கேயே பிறந்த பிள்ளைகள் நலிகிறார்கள் என்ற இந்த முரண் உண்மையானது. ஆனால் இதை ‘லத்தீனோ கலாச்சாரம் காப்பாற்றுகிறது’ என்று சுருக்குவது பெருந்தவறு. புவெர்ட்டோ ரிக்கோக்காரர்களிடம் இந்த வேறுபாடு இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. உடல்நலம் உள்ளவர்களே பயணம் கிளம்பியிருக்கலாம் என்பதையும் தள்ளிவிட முடியாது.

வீட்டில் எந்த மொழி பேசுகிறார் என்ற ஒரே கேள்வியை வைத்து ‘அமெரிக்கமயம்’ எவ்வளவு என்று அளப்பதும் இதே வகைப் பிழை. ஆங்கிலம் பேசத் தொடங்கியதால் ஒருவர் ஊசி எடுப்பதில்லை. வேலை, வாடகை, பள்ளியில் பட்ட அவமானம், பிரிந்த குடும்பம் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் மறைந்துவிடுகின்றன.

பயத்தைக் கணக்கில் எடுக்காதது

இதில்தான் ஆய்வாளர்கள் நல்ல எண்ணத்தோடே தீங்கு செய்துவிடுகிறார்கள். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின்படி, குடிமகன் அல்லாத ஒருவர் போதைப்பொருள் குற்றத்தின் கூறுகளை அதிகாரியிடம் ஒப்புக்கொண்டாலே போதும். தண்டனை ஏதும் பெறாவிட்டாலும் அவருக்கு நாட்டுக்குள் நுழையவோ நிரந்தரமாகத் தங்கவோ அனுமதி மறுக்கப்படலாம். கஞ்சா மாநிலச் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடத்திலும் இது பொருந்தும். “நீங்கள் எப்போதாவது கஞ்சா பயன்படுத்தியதுண்டா?” என்ற சாதாரணக் கேள்வி, கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் ஒருவருக்குச் சாதாரணக் கேள்வி அல்ல. அவர் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். அந்த ‘இல்லை’களைக் கூட்டித்தான் ‘குறைவு’ என்ற எண் வருகிறது.

தேவையில்லாத அடையாளம் எதையும் வாங்காதீர்கள். குடியேற்ற நிலை பகுப்பாய்வுக்கு வேண்டியதில்லை என்றால் கேட்கவே வேண்டாம். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் மட்டுமே ஒருவரை ஆய்வோடு இணைக்கும் ஒரே தடயம் என்றால், கையெழுத்தைத் தவிர்த்து வாய்மொழி ஒப்புதல் வாங்க நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்கலாம். கூட்டாட்சி விதி அதற்கு இடம் தருகிறது. தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதி பெற்ற ஆய்வுகளுக்கு 2017 அக்டோபர் முதல், பங்கேற்றவரின் அடையாளத்தை நீதிமன்றம் கேட்டாலும் கொடுக்காமல் இருக்க உதவும் ரகசியக் காப்புச் சான்றிதழ் தானாகவே கிடைக்கிறது. இருந்தும் பல படிவங்களில் அது சட்டமொழியில் எட்டாவது பத்தியில் கிடக்கிறது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, யாருக்கு என்ன கொடுக்க மாட்டோம் என்று இரண்டு வாக்கியங்களில் சொல்லுங்கள். கூச்சமான கேள்விகளைக் காதொலிக் கருவியில் ஒலிக்கவிட்டு, பதிலை அவரே திரையில் தொடும்படி செய்யுங்கள். பன்னிரண்டு வயது மகளை மொழிபெயர்ப்பாளராக உட்காரவைத்து அப்பாவிடம் கோகெயின் பற்றிக் கேட்பது இன்னும் நடக்கிறது. அந்தப் பதிலுக்கு எந்த மதிப்பும் இல்லை. குவாத்தமாலாவின் மாம், கிச்சே, மெக்சிகோவின் மிஷ்டெக் பேசுபவர்களுக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஒரு பீர் என்றால் எவ்வளவு?

குடிப்பழக்கம் பற்றிய கேள்விகள் 14 கிராம் ஆல்கஹாலை ஓர் அளவாகக் கொள்கின்றன. அது 355 மில்லி பீர் கேனுக்குச் சமம். மெக்சிகோக்காரர் சொல்லும் ‘ஒரு பீர்’ 940 மில்லி பிடிக்கும் கவாமா பாட்டிலாக இருக்கலாம். 4.5 சதவீத பீர் என்றால் அதில் சுமார் 33 கிராம் ஆல்கஹால். அதாவது கிட்டத்தட்ட இரண்டரை அளவு. ‘வாரம் நான்கு பீர்’ என்று எழுதிக்கொண்டால் உண்மையில் ஒன்பதுக்கும் மேல். கேன், பாட்டில், கவாமா மூன்றின் படத்தையும் உண்மை அளவில் அட்டையில் அச்சிட்டுக் காட்டினால் போதும், இந்தப் பிழை போய்விடும்.

எட்டாத இடத்தில் இருப்பவர்கள்

தேசியப் போதைப்பொருள் கணக்கெடுப்பு வீடுகளுக்குப் போகிறது. சிறையில் இருப்பவரும், தங்குமிடம்கூட இல்லாமல் தெருவில் கிடப்பவரும் அதில் வரமாட்டார்கள். பள்ளி மாணவர் கணக்கெடுப்பில் படிப்பை நிறுத்திய பிள்ளை இல்லை. இவர்களை எட்ட, ஒருவர் மூன்று பேரை அழைத்துவரும் கூப்பன் முறை உதவும். ஆனால் யார் யாரை அழைத்துவந்தார் என்ற எண்ணையும், ‘உங்களைத் தெரிந்த, உங்களுக்கும் தெரிந்த, ஊசி எடுப்பவர் எத்தனை பேரைக் கடந்த 30 நாளில் பார்த்தீர்கள்’ என்ற பதிலையும் பதிவு செய்யாமல் விட்டால், எடைகளைக் கணக்கிட வழியே இல்லை. பணத்துக்காகக் கூப்பனை விற்பார்கள், ஒரே ஆள் இருமுறை வருவார். இவற்றுக்கும் ஏற்பாடு வேண்டும்.

சிகிச்சை பெற்றீர்களா என்று கேட்டு ‘இல்லை’ என்ற பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘அனெக்ஸோ’ என்ற, மீண்டவர்களே நடத்தும் தங்கும் இல்லங்கள் மெக்சிகோவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கும் வந்துள்ளன. அங்கே மாதக்கணக்கில் இருந்தவர் அதைச் ‘சிகிச்சை’ என்று சொல்லாமல் இருக்கலாம். பெயரைச் சொல்லியே கேளுங்கள். தேவாலயக் குழுவையும் சேர்த்துக் கேளுங்கள்.

பட்டையைக் கொடுத்துவிட்டு விளக்காமல் போவது

சரக்கில் ஃபென்டனில் கலந்திருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பட்டையைக் களத்தில் கொடுப்பவர்கள் ஆங்கிலத் துண்டறிக்கையோடு நிறுத்திவிடுகிறார்கள். பத்து மில்லிகிராம் சரக்குக்கு அரைத் தேக்கரண்டி தண்ணீர்; மெத் (மெத்தாம்ஃபெட்டமின்) என்றால் ஒரு முழுத் தேக்கரண்டி, இல்லையேல் பொய்யாக ஃபென்டனில் இருப்பதாகக் காட்டலாம். பட்டையை அதில் 15 விநாடி நனைத்து, இரண்டு முதல் ஐந்து நிமிடம் படுக்கவைக்க வேண்டும். ஒரு கோடு வந்தால் ஃபென்டனில் இருக்கிறது. இரண்டு கோடு வந்தால் தென்படவில்லை. கோவிட் சோதனையில் பழகியவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள், அதில் உயிர் போகலாம். இந்தப் பட்டை சைலசினைக் காட்டாது. அதற்குத் தனிப் பட்டை வேண்டும். ஃபென்டனில், ஹெராயின் போன்றவற்றின் விளைவை முறிக்கும் நலாக்சோனும் சைலசினை முறிக்காது. ஆனாலும் மூச்சு குறைந்தவருக்கு நலாக்சோன் கொடுத்தே ஆகவேண்டும், ஏனெனில் கூடவே ஃபென்டனில் இருக்க வாய்ப்பு அதிகம். கொடுத்த பின்னும் ஆள் எழவில்லை என்றால் மூச்சு வருகிறதா என்று பார்த்துச் செயற்கை சுவாசம் தர வேண்டும். இதையெல்லாம் அந்தந்தச் சமூகத்தின் சுகாதாரப் பணியாளர்களான ‘புரொமோத்தோரா’க்களே ஸ்பானிஷில் செய்துகாட்ட வேண்டும், அந்த வேலைக்கான சம்பளத்தை ஆய்வின் வரவுசெலவுத் திட்டத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.